கண்ணை இடுக்கினால் எழுத்து தெளிவது ஏன்?



பூச்சிமருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பாட்டிலை வாங்குவார். கையை நீட்டித் தூரமாகப் பிடிப்பார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கி, உதட்டை அசைத்துப் படிப்பார். பிறகு, "சரி, போன தடவை ஊத்தின அளவுதானே" என்று பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் படித்தது ஐம்பது மில்லியா, ஐந்நூறு மில்லியா என்பது அவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

கண்ணை இடுக்கினால் எழுத்து ஏன் கொஞ்சம் தெளிகிறது? அதை முதலில் பார்ப்போம்.

கருவிழி நடுவே கறுப்பாகத் தெரிகிறதே, பாவை, அது ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போகிறது. எழுத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளிச்சம் விரிந்து வந்து பாவை முழுவதும் நுழைகிறது. உள்ளே இருக்கிற வில்லை அதை வளைத்து, பின்பக்கத்து விழித்திரையில் மறுபடி ஒரே புள்ளியாகச் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் எழுத்து தெளிவு. சேராவிட்டால் புள்ளிக்குப் பதில் ஒரு சிறு வட்டம் விழும். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எழுத்து மசமசவென்று ஆகிவிடும்.

இமையை இடுக்கும்போது துவாரத்தின் மேலும் கீழும் மறைந்து விடுகிறது. ஓரமாக வரும் வெளிச்சம்தான் அதிகம் விலகிப்போய் விழுவது. அதைத் தடுத்துவிட்டால் வட்டம் சிறுக்கிறது, எழுத்து தெளிகிறது. மடையை அகலத் திறந்தால் தண்ணீர் பாத்தி கடந்து பரவும், குறுக்கினால் ஒரு பாத்திக்குள் நிற்கும் அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தபால் அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். கண்ணாடி இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பொடி எழுத்தைப் பாருங்கள். தெரியாத எழுத்து தெரியும். இடுக்குவதைவிட இது நன்றாகவே தெரியும். இமை மேலும் கீழும்தான் குறுக்குகிறது. துளையோ எல்லாப் பக்கமும் குறுக்குகிறது. ஆனால் துளை வழியாகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. துவாரம் சிறுத்தால் வெளிச்சமும் குறையும். அதனால்தான் இடுக்குகிற வித்தை பகலில் பலிக்கும், அந்தியில் பலிக்காது. போதாக்குறைக்கு, நல்ல வெயிலில் பாவை தானாகவே 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிக் கொள்ளும், இருட்ட இருட்ட விரியும். விரிந்தால் மங்கல் கூடும். தாத்தா பத்திரிகையை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருவது காற்றுக்காக மட்டுமல்ல.

இப்போது ஒரு நடந்த கதை. நான் முன்பு வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு பருத்தி விவசாயி, பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகை விளக்கில் பாட்டிலைப் பார்த்து, பூச்சிமருந்து என்று நினைத்து டேங்கில் ஊற்றினார். ஊற்றியது 2,4-டி. களைக்கொல்லி. நெல்லில் அகன்ற இலைக் களையைக் கொல்கிற அந்த மருந்துக்குப் பருத்தியும் அகன்ற இலைதானே! சில நாளில் இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி வெண்டை இலை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ஏக்கர். "ரெண்டு பாட்டிலும் ஒண்ணு போலத்தான் சார் இருந்திச்சு" என்றார். பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். படிக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

சிலர், "அதான் கலர் முக்கோணம் இருக்கே சார்" என்கிறார்கள். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் ஒரு சாய்சதுரம் போட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. பச்சை என்றால் குடிக்கலாம் என்று பொருளல்ல! இந்த நிறம் விஷத்தின் கடுமையைத்தான் சொல்லும். களைக்கொல்லியா, பூச்சிமருந்தா, ஏக்கருக்கு எவ்வளவு, காலாவதித் தேதி என்ன, அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், உடம்பில் பட்டால் மாற்று மருந்து என்ன, இவையெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன.

நாற்பது வயதைத் தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்குவது எல்லோருக்கும் வருவது. வெள்ளெழுத்து என்போம், சாளேசுவரம் என்றும் சொல்வார்கள். கண்ணின் வில்லை இறுகிப்போய், கிட்டத்துக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்க முடியாத நிலை அது. நோயல்ல. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. "கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கே பழகி, இன்னும் கெட்டுப்போகும்" என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். இது சுத்தப் பொய். வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வயதோடு கூடத்தான் செய்யும்.

கண்ணாடியால் கூலியே கூடும் என்பதற்கும் சான்று உண்டு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2018-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகுதான். கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு, மற்றவர்களைவிட நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிக்கும் கைக்குப் பொருந்துவது, களை எடுக்கும் கைக்கும் அரிசியில் கல் பொறுக்கும் கைக்கும் பொருந்தாதா?

குண்டூசித் துளைக்கு வருவோம். கண் மருத்துவர்களும் இதே துளையைத்தான், சற்று ஒழுங்காகச் செய்த தட்டில், சோதனைக்கு வைத்துப் பார்க்கிறார்கள். துளை வழியாகத் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும். தெளியவில்லை என்றால் கண்புரையோ, விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். புரையில் ஒரு அடையாளம் சொல்கிறேன். வெள்ளெழுத்துக்காரருக்கு வெயிலில் நன்றாகத் தெரியும். நடுவில் புரை விழுந்தவருக்கோ வெயிலில் கண் கூசும், சாயந்தரம் தேவலை போலிருக்கும். அப்படிச் சொல்கிறவர்களைத் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கண்பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கியது. புரை அறுவைக்கு அங்கே பணம் கேட்பதில்லை.

கரும்பலகையைப் பார்த்துக் கண்ணை இடுக்குகிற பிள்ளையை மக்கு என்று திட்டாதீர்கள். அது கிட்டப்பார்வை. தூரத்து எழுத்து அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். எதிர்ச்சுவர்க் காலண்டரின் தேதியை, முதலில் இடது கண்ணை மூடி, பிறகு வலது கண்ணை மூடிப் படியுங்கள். ஒரு கண் மங்கியதே தெரியாமல் மற்றொரு கண்ணை வைத்துக் காலம் ஓட்டுகிறவர்கள் பலர். இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்றால், சந்தையில் விற்கிற கண்ணாடியை வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.