பழைய பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறீர்களா?

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் 2009-ல் மின்னணுவியல் பிரிவில் படித்து வெளியே போனவன். இப்போது இன்வெர்ட்டர், யு.பி.எஸ். தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரையும் தூங்க வெச்சிடாதே" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து உட்காருவது என் பொழுதுபோக்கு. அதனால் மாதத்துக்கு இரண்டு பேராவது, "மச்சி, ஒரு பழைய மாடல் சல்லிசா வருது, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" நம் வீடுகளில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் பெட்டி மேல் பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடி அளவுதான். அந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த வரையறையும் கிடையாது, தயாரித்தவர் மனசுக்குத் தோன்றிய எண் அது. அமெரிக்காவிலும் 1960-களில் இதே கூத்துதான் நடந்தது. 1974-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டு வந்தது. தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸை, எத்தனை ஓம்ஸில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனோடு என்று சேர்த்தே விளம்பரத்தில் போட வேண்டும் என்றது அந்த விதி. அந்தச் சந்தையில் விற்ற ஜப்பான் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. அதனால் 1970-களின் பிற்பாதியில் வந்த நல்ல கம்பெனி ஆம்ப்ளிஃபயரில் 40 வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் நிஜமான 40 வாட்ஸ்.

அந்த 40 போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 87 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வாட்ஸ் கொடுத்தால் 13 டெசிபல் கூடி 100 ஆகிவிடும். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ வேண்டுமென்றால் வாட்ஸ் சுமார் பத்து மடங்கு ஆக வேண்டும். ஆகவே பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் வாட்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஃபிளாட்டில் ஓர் அறைக்கு நிஜமான 20 முதல் 50 வாட்ஸ் தாராளம்.

அப்படியானால் எதற்குத்தான் பணம் கொடுப்பது? பழுது பார்க்க முடிகிற ஆம்ப்ளிஃபயருக்கு. நாற்பது வருஷப் பொருள் அது, என்றைக்காவது கட்டாயம் பழுதாகும். அன்றைக்கு உள்ளே போன பாகம் இப்போதும் எங்காவது தயாராகிறதா? தேர்வே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அழகான அலுமினிய முகப்பு, நீல வெளிச்சத்தில் ஆடும் மீட்டர் ஊசி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணம் பாருங்கள். 1970-களின் நடுவில் சோனி கம்பெனி டி.ஏ. 5650 என்று ஓர் ஆம்ப்ளிஃபயர் போட்டது. அவுட்புட்டில் வி-ஃபெட் என்ற விசேஷ டிரான்சிஸ்டர். அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வி-ஃபெட் எப்போதோ நின்றுபோனது. பயாஸ் சர்க்யூட்டில் இருக்கிற ஒரு சின்ன டயோடு வயசாகிப் போனால், அது விலைமதிப்புள்ள வி-ஃபெட்டுகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும், நமக்கு வேண்டாம். அதேபோல 1980-களில் வந்த பல செட்டுகளில் தனித்தனி டிரான்சிஸ்டருக்குப் பதிலாக சான்யோவின் எஸ்.டி.கே. பிளாக் ஒன்று இருக்கும். கறுப்பாக, நிறையக் கால்களோடு, ஹீட் சிங்க்கில் திருகியிருக்கும். அது போனால் அசல் கிடைப்பது கஷ்டம். சந்தையில் சுற்றுவதில் போலி ஏராளம். அந்த எஸ்.டி.கே. எண்ணுக்கு உத்தரவாதமான ஸ்பேர் கையில் இருந்தால் ஒழிய நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நேர் எதிரானது என்.ஏ.டி. 3020. 1978-ல் வந்தது, ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ்தான். இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயர் என்றாலும் பின்னால் இருக்கிற இணைப்பைக் கழற்றினால் பவர் பகுதியைத் தனியாகப் பயன்படுத்தலாம். தொடக்க கால 3020-ல் அவுட்புட் டிரான்சிஸ்டர் என்ன தெரியுமா? நாம் மூன்றாம் வருஷ லேபில் பவர் சப்ளை கட்டினோமே, அதே 2என்3055-ம் அதன் ஜோடி எம்.ஜே.2955-ம்தான். ரிச்சி தெருவில் கேட்டால் சின்னப் பையன்கூட எடுத்துக் கொடுப்பான். ஆனால் இதிலும் போலி உண்டு. உள்ளே மிளகு அளவு சில் வைத்து, மேலே பெரிய கம்பெனி பெயரை அச்சடித்திருப்பார்கள். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

தனி பவர் ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் ஓட்டு இங்கிலாந்தின் க்வாட் 303-க்கு. 1967-ல் அறிமுகமானது, 8 ஓம்ஸில் 45 வாட்ஸ். அதன் அவுட்புட்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வரிசையில் நிற்கும். இன்றைய டிசைனர்கள் அதைப் பழைய பாணி என்பார்கள். நான் அதை வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்பேன். உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் டி.சி. கரண்ட் ஸ்பீக்கருக்குப் போகாமல் அது தடுத்துவிடும். 1975-ல் வந்த க்வாட் 405 நூறு வாட்ஸ், கரண்ட் டம்பிங் என்ற புதுமாதிரி சர்க்யூட். அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் அந்த வாட்ச்மேன் கிடையாது. இரண்டிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இவை அரை வோல்ட் சிக்னலுக்கே முழு பவரைத் தந்துவிடும். இன்றைய சி.டி. பிளேயரும் டி.ஏ.சி.யும் தருவது 2 வோல்ட். பவர் ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் திருகும் கிடையாது. நேராக மாட்டிப் பாட்டைத் தட்டினால் ஸ்பீக்கர் கதறும். நடுவில் ஒரு ப்ரீ-ஆம்ப்ளிஃபயரோ, குறைந்தபட்சம் இரண்டு ரெசிஸ்டர் போட்ட அட்டென்யுவேட்டரோ வேண்டும்.

வால்வு ஆசை உள்ளவர்கள் டைனகோ ஸ்டீரியோ 70 பற்றிக் கேட்பீர்கள். 1959-ல் வந்த அமெரிக்க மாடல், பெரும்பாலும் கிட்டாக விற்றார்கள், 35 வாட்ஸ். அதன் ஈ.எல். 34 வால்வு இன்றும் தயாராகிறது. ஆனாலும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடுகிறது. முதல் செட்டாக அதை வாங்காதீர்கள்.

அவுட்புட் கெப்பாசிட்டர் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் என் ரூம்மேட் ஒருவன். அவன் அப்பா தவறிப்போனபோது விட்டுப்போனது ஒரு ஜோடி ஸ்பீக்கர். அவர் பல வருஷம் சேர்த்த பணத்தில் வாங்கியது. அதற்கு ஏற்ற பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை, "ஃபுல்லா சர்வீஸ் பண்ணது சார்" என்று சொன்ன ஒரு கடைக்காரரிடம் வாங்கினான். அதில் பாதுகாப்பு ரிலே கிடையாது. மூன்றாம் நாள் ஒரு சேனலில் டிரான்சிஸ்டர் ஷார்ட். 40 வோல்ட் டி.சி. நேராக வூஃபர் காயிலில். காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 6 ஓம்ஸ். 40-ஐ 40-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 260 வாட்ஸுக்கு மேல் வெறும் சூடு. பாட்டு நின்றது, புகை வாசனை வந்தது, அவ்வளவுதான். "ஆம்ப் போனா போகட்டும்டா, அது அப்பாவோடது" என்றான். ரீகோன் பண்ணித் தந்தோம், வேலை செய்கிறது. இடது பக்கம் பழையபடி இல்லை என்று இன்றும் சொல்கிறான்.

இனி வோல்ட்டேஜ். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. அந்தக் காலத்தில் துபாய், சிங்கப்பூர் போனவர்கள் கொண்டுவந்த சான்சுய், அகாய், பயனியர் செட்டுகள் பெரும்பாலும் ஏற்றுமதி மாடல்கள். பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் செலக்டர் இருக்கும். அதை 220-ல் வைக்காமல் 240-ல் வையுங்கள், நம் ஊர் கரண்ட் பல நேரம் 240-ஐத் தொடுகிறது. இப்போது ஜப்பானிலிருந்து நேரடியாக வருபவை அந்நாட்டு மக்களுக்காகச் செய்தவை, செலக்டர் இல்லாத 100 வோல்ட் மாடல்கள். நம் பிளக்கில் சொருகினால் ஒரே தடவைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 சைக்கிள் என்பதால் அவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் தாங்கும். 60 சைக்கிளுக்கு மட்டும் செய்த அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் நம் 50-ல் கூடுதலாகச் சூடாகலாம். கல்கத்தாவின் சோனோடைன், காஸ்மிக், நார்ஜ் போன்ற நம் நாட்டுச் செட்டுகளை யாரும் மதிப்பதில்லை. இந்த வோல்ட்டேஜ் தலைவலி இல்லாததால் சிக்கனக்காரருக்கு அவை நல்ல ஆரம்பம்.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது இரண்டு பொருள் எடுத்துப் போங்கள். ஒன்று மல்டிமீட்டர். இன்னொன்று சீரீஸ் போர்டு, அதாவது 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பை லைனில் வரிசையாகப் போட்டது. எல்.இ.டி. பல்பு உதவாது. ஸ்பீக்கர் மாட்டாமல், சீரீஸ் போர்டு வழியாக ஆன் பண்ணுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மங்கினால் அடுத்து நேராகக் கரண்ட் கொடுங்கள். ரிலே உள்ள செட் என்றால் சில வினாடியில் 'டிக்' என்று சத்தம் வரும். அதன் பிறகு ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்ட்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் பேரம் பேசுங்கள், வோல்ட் கணக்கில் இருந்தால் விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர் அவுட்புட் உள்ள செட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கடைசியாக, போனால் வருத்தப்படாத ஒரு ஸ்பீக்கரை மாட்டி, இன்புட் இல்லாமல் காது வைத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று தாழ்ந்த 50 சைக்கிள் முனகல் பெரும்பாலும் எர்த்திங் கோளாறு. அதைவிட ஒரு ஸ்தாயி மேலே 100 சைக்கிள் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாகிவிட்டது. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

மூடியைத் திறக்க விட்டால் இன்னும் நல்லது. கெப்பாசிட்டரை ஒட்ட அந்தக் காலத்தில் ஒரு மஞ்சள் பசை போட்டார்கள். வருஷம் போகப் போக அது பழுப்பாகி, பக்கத்தில் இருக்கும் கால்களை அரித்து, கரண்டையும் கடத்தும். நிறையக் கண்டால் விலையைக் குறையுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் பண்ணுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் அல்ல. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தாலும் ஈ-ஐ கோர் என்றால் நம் ஊர் ரீவைண்டிங் கடைக்காரர் சுற்றித் தந்துவிடுவார். டொராய்டு என்றால் யோசியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை என் கணக்கு இது. பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் ஏழாயிரத்துக்கு மேல் செட்டுக்குக் கொடுக்காதீர்கள். மூவாயிரம் கெப்பாசிட்டர், ரிலே, ட்ரிம்மர், மெக்கானிக் கூலிக்கு. இதெல்லாம் வேண்டாம், பாட்டு கேட்டால் போதும் என்கிறவர்கள் இப்போது வருகிற சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். மோசமில்லை, நானே சமையலறையில் ஒன்று வைத்திருக்கிறேன்.

சீரீஸ் போர்டும் மீட்டரும் என் பையில் இருக்கின்றன. காரில் பழைய செட் கொண்டுவந்திருக்கும் அண்ணன்மார்கள் சாப்பாடு முடிந்ததும் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்கு எடுத்து வாருங்கள், திறந்து பார்த்துவிடலாம்.