கைந்நூலும் ஆலைநூலும்



நூல் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். பெண்டிர் பஞ்சினின்று திரித்த இழையும் நூல். புலவன் யாத்ததும் நூல். பனுவல் என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டையும் சுட்டும். பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் இவ்வுவமையை உறுப்புறுப்பாக விரிக்கிறார். சொல் பஞ்சாக, புலவன் நூற்கும் பெண்ணாக, வாய் கையாக, மதி கதிராக அமைய நூல் முடிகிறது என்பது அவர் கருத்து. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் எழுந்த இலக்கண நூலில் ஒரு தொழிற்கருவி உவமையாக வேண்டுமாயின், அது மாணவன் தன் வீட்டுத் திண்ணையில் நாளும் கண்ட கருவியாதல் வேண்டும். இன்று அப்பகுதியை நடத்தும் ஆசிரியர் கதிர் என்றால், மாணவர் நெற்கதிரை நினைப்பர். அன்றேல் ஞாயிற்றின் கதிரை நினைப்பர். நூற்குங் கதிர் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அது போன வழியை அறிய மாஞ்செற்றரையும் இலண்டனையும் மட்டும் பார்த்தாற் போதாது. நெல்லையையும் பார்த்தல் வேண்டும்.

தாமிரபரணி என வடசொல்லால் வழங்கும் பொருநையாறு பொதிய மலையிற் பிறந்து பாவநாசத்தில் அருவியாய் வீழ்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைகள் அதன்மேல் உள்ளன. அவற்றுள் திருவைகுண்டம் ஒன்றே ஆங்கிலேயர் ஆட்சியிற் கட்டியது. ஏனை ஏழும் பழந்தமிழ் நாட்டார் கைவண்ணம். ஆற்றைத் தடுத்துக் காலில் திருப்பி வயலுக்குப் பாய்ச்சும் பொறியறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. வீழும் நீரின் விசையைப் பிடித்துப் பொறியைச் சுழற்றுவதே புதிது.

அப்புதுமையைக் கொணர்ந்தவர் ஆண்ட்ரூ ஆர்வி, பிராங்க் ஆர்வி என்னும் வெள்ளைய உடன்பிறந்தார். கரிசல் நிலத்துப் பருத்தியை வாங்கித் தூத்துக்குடித் துறைவழி அனுப்பிய வணிகர் அவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. 1876-இல் தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் இருப்புப்பாதை வந்தது. பஞ்சும் உண்டு, வண்டியும் உண்டு, அருவியும் உண்டு. ஆகவே 1880-களின் நடுவில் பாவநாசத்து அருவியின் அண்மையில், விக்கிரமசிங்கபுரத்தில், நூற்பாலை எழுந்தது. அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் ஆலையும், 1892-இல் மதுரையில் மற்றோர் ஆலையும் எழுந்தன.

இங்கிலாந்தில் ஆர்க்கிரைட்டு என்பார் 1771-இல் குரோம்போர்டு என்னும் ஊரில் நீராற்றலால் ஓடும் நூற்பாலையை நிறுவினார். பாவநாசத்து ஆலை அதற்கு நூற்றாண்டு பிந்திய தம்பி. அவ்வெள்ளையர் பொறியின் உயிர்நிலை எது என அறிதல் நன்று. கையால் நூற்பவள் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பஞ்சை மெல்ல இழுத்து நீட்டுவாள். கதிர் அதனை முறுக்கும். இழுக்கும் அளவு அவள் விரலுக்கே தெரியும். ஆர்க்கிரைட்டின் பொறியில் விரலுக்கு மாற்றாக இணையிணையான உருளைகள் அமைந்தன. பின்னிணை மெல்லச் சுழலும். முன்னிணை விரைந்து சுழலும். இடைப்பட்ட பஞ்சு தானே நீளும். அவ்வளவே. பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தால் விரல் கற்ற கல்வியை இரண்டு விரைவுகளின் வேறுபாடு கற்றுக்கொண்டது. வீட்டில் ஒருத்திக்கு ஒரு கதிர்; ஆலையில் ஓர் ஆள் கண்காணிக்கச் சுழலும் கதிர்கள் பலப்பல.

இரவில் சிறுவிளக்கொளியில் உழைத்த பருத்திப் பெண்டிரைப் புறநானூறு காட்டும். துணையற்ற மகளிர்க்கு அது பிழைப்பாகவும் இருந்தது. நிலமில்லாதவளும் மாடில்லாதவளும் மானத்தோடு உண்ண ஒரு கதிர் போதியதாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த ஆங்கில நூல் அப்பிழைப்பை முதலில் வெட்டிற்று. உள்நாட்டு ஆலைநூல் எஞ்சிய வேரையும் பறித்தது. அணை உடைந்தால் ஊரார் கூடுவர். கதிர் நின்றபோது கூடினார் எவருமிலர். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தியாக, ஓசையின்றி அத்தொழில் அவிந்தது.

நெசவர் நிலை வேறு. ஒரு தறிக்கு நூல் ஈடுகொடுக்க நூற்பார் பலர் வேண்டும். நூல் வாராமல் தறி நிற்றலும் உண்டு. ஆலைநூல் ஒரே சீராகவும் வலிவாகவும் இருந்தமையால் பாவுக்கு ஏற்றதாயிற்று. மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் தறியோசை அடங்கவில்லை. வெள்ளையன் கொணர்ந்ததெல்லாம் கேடே என்று மேடையில் முழங்குவார் இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது. ஆயினும் நூலின் விலை அயலூர் ஆலைமுதலாளி கைக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் நூல் கடன் கேட்கலாம். ஆலையிடம் கேட்க இயலுமோ?

பொறி நூலை மட்டும் மாற்றவில்லை; பொழுதையும் மாற்றியது. உழவனுக்குப் பொழுது ஞாயிறு. நாழிகைக் கணக்கு மணவினைக்கும் கோயிலுக்கும். ஆலையில் பொழுது என்பது கூலி. குறித்த நொடியில் வாயில் அடைபடும். இந்தியா முழுமைக்கும் ஒரே மணிக்கணக்கு 1906-இல் வந்தது. ஆலைத்தொழிலாளர் வேலைநேரத்துக்கு ஓர் எல்லை வகுத்த 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆடவர்க்குப் பன்னிரண்டு மணி என்றே வகுத்தது. அதற்கு முன்னிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்நிலையை எதிர்த்து இவ்வாற்றின் கழிமுகத்து நாட்டிலும் குரல் எழுந்தது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கப்பலோட்டிய வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். கூலி உயர்வு பெற்று மார்ச்சுத் தொடக்கத்தில் தொழிலாளர் வென்றனர். அம்மாதம் 12-ஆம் நாள் தலைவர்கள் சிறைப்பட்டனர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சிதம்பரனார் அத்தொழிலாளரிடம் தமிழிற் பேசினார். அவர்தம் பசியை அவர்தம் மொழியிற் சொல்லக் கேட்டதனாலேயே ஆலை நின்றது.

மொழி பற்றி இன்னும் ஒன்று. பொறியோடு பெயரும் கப்பலேறி வந்தது. மில், சிப்டு, பாபின் என்பன புகுந்தன. ஆனால், எழுத்தறியாத் தொழிலாளி எல்லாவற்றையும் அப்படியே விழுங்கவில்லை. ஆவியின் கூவலை அவன் சங்கு என்றான். கோயிலிலும் சாவிலும் ஒலித்த பழஞ்சொல்லைப் புதுப்பொறியின் வாயில் வைத்தான். கரும்பு பிழியும் ஆலையின் பெயர் பஞ்சாலைக்கும் ஆயிற்று. நெசவனோ பாவு, ஊடை, அச்சு, விழுது, ஓடம் என்னும் சொற்களில் ஒன்றையும் விடவில்லை. கற்றோரே பிந்தினர். 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கம் நெல்லையில் நிலைகொண்டு, இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பால், 1938-இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. கணக்கும் வேதியலும் தமிழிற் சொல்ல வாரா என்றவர்க்கு அது நேர்விடை.

எனினும் பொறியியலைத் தமிழிற் கற்பிக்கலாமா என்னும் வழக்கு அதன்பின்னும் எழுபதாண்டு நீடித்தது. 1944-இல் அதே பாவநாசத்து நீர் மின்னாற்றலாயிற்று. 1974-இல் ஆர்வியாரின் ஆலைகள் மதுரா கோட்சு என்னும் பெயருக்குள் அடங்கின. அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் நடத்தத் தொடங்கியது 2010-இல். பொருநை நீரால் முதற்கதிர் சுழன்று ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்.