வாடைக் காற்றும் நமது வழக்கும்

(வட்டுக்கோட்டையில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சோளகம் வீசும் மாதங்களில் நாம் மூச்சைப் பற்றி நினைப்பதேயில்லை. பரந்த கடலைக் கடந்து வரும் அக்காற்று புழுதியைக் கிளப்புமேயன்றிப் புகையைத் தங்கவிடாது. கார்த்திகை கழிந்து வாடை நிலைத்ததும் நிலைமை வேறாகின்றது. விடியற்காலையில் வயல்வெளிமேல் படியும் வெண்திரையைப் பனி என்று சொல்லியே பழகிவிட்டோம். அது முழுவதும் பனியன்று.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் உருவெடுத்து வந்தபொழுது, எல்லை கடந்து வந்த மாசு இந்நாட்டின்மேல் படிந்துள்ளதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களின் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. மாட்டை இழந்தவர் குளிரை மறக்கவில்லை. மூச்சுத் திணறிய முதியவரோ காற்றைக் குறை சொல்லவில்லை. தமது வயதையே குறை சொன்னார்!

இது புதிய செய்தியுமன்று. 1999இல் விஞ்ஞானிகள் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திரத்தின்மேல் ஆய்வு நடத்தி, வாடைக் காலத்தில் தென்னாசியாவிலிருந்து கடல்மேல் பரவும் புகைமண்டலத்தை அளந்து காட்டினார்கள். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் தமிழரான வீ. இராமநாதன் என்பதையும் இங்கு சொல்லிவைக்கலாம்.

“அப்படியானால் குற்றம் கங்கைச் சமவெளியினுடையது, நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் ஒரு வசதி இருக்கின்றது, நியாயம் இல்லை. வந்து சேரும் புகையோடு நமது புகையும் கூடுகின்றது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் தாள் எரிகின்றது. வளவுக்குள் கூட்டிய சருகோடு பிளாஸ்டிக் பையும் எரிகின்றது. அடுப்படியில் விறகுப் புகையை நாள்தோறும் உட்கொள்ளும் தாய்மாரைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் பேசுவதில்லை.

ஆனால் கமக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கும் நாம் உடன்படமாட்டோம். அரிவாளால் வெட்டிச் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் போராக நின்றது, மாடு தின்றது. இயந்திரம் வந்தபின் அது வயலெங்கும் சிதறிக் கிடக்கின்றது. அதைக் கூட்டி எடுக்கும் கூலி வைக்கோலின் விலையைத் தின்றுவிடும். அடுத்த பயிருக்கு நிலம் வேண்டியவன் தீக்குச்சியைத் தேடாமல் என்ன செய்வான்? வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தைக் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்போ வாங்கி, முறைவைத்துக் கொடுக்கட்டும். கட்டிய வைக்கோலை மாடு வளர்ப்போர் வாங்கட்டும். அதன்பின் “எரிக்காதே” என்று கட்டளையிடலாம். அவ்வாறே, குப்பையை அகற்றும் கடமையை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளின்மேல் சுமத்தியிருக்கின்றது. வண்டி நுழையாத ஒழுங்கையில் குப்பையைக் கொளுத்துபவரை மட்டும் ஏசுவது எவ்வாறு தகும்?

சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கமக்காரர், எல்லைக்கு அப்பால் கனடாவின் திரெயில் என்னும் ஊரிலிருந்த உலோக உருக்காலையின் புகையால் தமது பயிர் அழிவதாக முறையிட்டனர். நடுவர் மன்றம் 1938இலும் 1941இலும் தீர்ப்பளித்தது. புகையினால் அயல்நாட்டின் நிலத்துக்குக் கடுந்தீங்கு விளையும்படி தன் நிலத்தைப் பயன்படுத்தவிட எந்த அரசுக்கும் உரிமையில்லை என்றது. ஆயினும் அத்தீங்கு தெளிவான சான்றால் நிறுவப்படல் வேண்டும் என்றும் சொன்னது. 1998இல் மாலேயில் தென்னாசிய அரசுகள், எல்லை கடக்கும் காற்று மாசைக் குறித்து ஒரு பிரகடனம் செய்தன. இலங்கையும் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதனைக் காட்டிக் கேட்பதற்கும் கையில் அளவு வேண்டும்.

சுன்னாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததென மக்கள் வாயாற் சொன்னபொழுது கேட்டவர் யார்? நீரைச் சோதித்த முடிவுகள் உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 2019இல் அம்மன்றம், மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று கூறி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. கிணற்று நீரைப் போத்தலில் அள்ளிச் சோதனைக்கு அனுப்பலாம். காற்றை எவ்வாறு அனுப்புவது?

நுண்துகளுக்கு இந்நாட்டின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வகுத்த நாளொன்றின் வரம்பு, கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதனை 15 என வகுத்தது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரம் பெரிது. நமது ஊர்க் காற்று எந்தப் பக்கத்தில் நிற்கின்றது என்பதை நாள்தோறும் நமக்குச் சொல்வது அரசின் கடன்.

எனவே நாம் கேட்பது இதுதான். வலிகாமம் மேற்கில் நிலையான அளவுகருவியொன்று நிறுவப்படல் வேண்டும். அது காட்டும் எண் ஒவ்வொரு காலையிலும் தமிழில் எழுதப்பட்டு, பாடசாலைகளிலும் வைத்தியசாலையிலும் கமநல சேவை நிலையத்திலும் வைக்கப்படல் வேண்டும். எண் வரம்பைக் கடக்கும் நாளில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பாதிருக்கவும், ஈளை நோயுற்றோரை வீட்டில் இருத்தவும், தீ வைப்பதை ஒத்திப்போடவும் அதிகாரிகள் அறிவித்தல் விடுக்கவேண்டும். இதற்கான மகஜர் வாசலருகே மேசைமேல் இருக்கின்றது. எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். கையொப்பத்தோடு உங்கள் குறிச்சியின் பெயரையும் எழுதுங்கள். கருவியை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும்பொழுது அது உதவும்.