பறக்கும் எண்ணெய் நிலையமும் மக்கள் பணமும்



எனக்கு முன் பேசிய நண்பர், "நேர்மை, விதிமுறை என்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காரியமும் சீக்கிரம் நடக்காது" என்றார். கைதட்டலும் வாங்கினார். அவருக்குப் பதிலாக, அமெரிக்க ஆகாயப் படை விமானம் வாங்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

போர் விமானத்துக்கு வேகம் அதிகம். ஆனால் எண்ணெய்த் தொட்டி சிறியது. தூரம் போக வேண்டுமானால் நடுவானில் எண்ணெய் நிரப்ப வேண்டும். அதற்கென்றே இருப்பதுதான் எண்ணெய் விமானம். பறக்கும் எண்ணெய் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிடம் இருந்தவற்றுள் பெரும்பாலானவை 1957-இல் சேவைக்கு வரத் தொடங்கிய கேசி-135 ரகம். தாத்தா ஓட்டிய விமானத்தைப் பேரன் ஓட்டும் நிலை!

புதியது வேண்டும் என்று 2001-இல் முடிவு செய்தார்கள். போயிங் நிறுவனத்திடமிருந்து 100 விமானங்களை வாடகைக்கு எடுக்கத் திட்டம். விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுத்தால் செலவு அதிகம் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. செனட்டர் ஜான் மெக்கேய்ன் விடாமல் கேள்வி கேட்டார். அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது.

ஆகாயப் படையின் சார்பில் பேரம் பேசிய உயர் அதிகாரி டார்லீன் ட்ருயன், அதே நேரத்தில் அதே நிறுவனத்தில் தமக்கு வேலையும் பேசிக்கொண்டிருந்தார்! விலையைக் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்ததாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. 2004-இல் அவருக்கு 9 மாதச் சிறை. வேலை பேசிய போயிங் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸுக்கு 4 மாதச் சிறை. தலைமை நிர்வாகி பதவி விலகினார். வாடகைத் திட்டம் குப்பைக்குப் போனது.

நண்பரே, காரியம் சீக்கிரம் முடிந்ததா? 2008-இல் மறுபடி ஏலம். நார்த்ரப் நிறுவனமும் ஐரோப்பிய ஏர்பஸ் தரப்பும் வென்றன. தேர்வு முறையில் தவறு இருப்பதாகப் போயிங்கின் முறையீடு ஏற்கப்பட்டு, அதுவும் ரத்து. 2011-இல்தான் போயிங்குக்கு 179 விமானங்களுக்கான திட்டம் கிடைத்தது. முதல் விமானம் கைக்கு வந்தது 2019 ஜனவரியில். தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 18 ஆண்டுகள்! வந்த விமானங்களுக்குள் கருவிகளும் குப்பைகளும் கிடந்ததால் சில வாரங்கள் வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். இந்தத் திட்டத்தில் போயிங்குக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம்.

எல்லாத் தாமதத்துக்கும் ஓர் அதிகாரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் கோணல் முற்றும் கோணலாகிவிட்டது.

இப்போது சிங்கப்பூரைப் பாருங்கள். நடுவானில் எண்ணெய் நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுனியில் கூடை கட்டிய நெகிழ்குழாய். மற்றொன்று, விறைப்பான நீள்குழாய். சிங்கப்பூரிடம் முன்பிருந்த கேசி-130 நெகிழ்குழாய் ரகம். எஃப்-16 போர் விமானத்துக்கோ நீள்குழாய்தான் பொருந்தும். அதனால் அமெரிக்கா பயன்படுத்திய பழைய கேசி-135 விமானங்கள் நான்கை வாங்கிப் புதுப்பித்து வைத்துக்கொண்டது. பிறகு 2014-இல் ஏர்பஸ் ஏ330 எண்ணெய் விமானங்கள் ஆறுக்குச் சொல்லி வைத்தது. முதல் விமானம் 2018-இல் வந்து சேர்ந்தது. 111 டன் எண்ணெய் சுமக்கும். ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றும். தன்னிடம் என்ன இருக்கிறது, எதற்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்கியது.

இராணுவத் தளவாடம் நமக்குப் புரியாத விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அதற்குப் போவதும் நம் வரிப்பணம்தான். கேள்வி கேட்பது காரியத்தைக் கெடுப்பதாகாது. கேட்க வேண்டிய கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால், 18 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்காது.