‘போதை தெளிஞ்சதும் வாங்க’

(லப்பைக்குடிக்காடு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மூன்றாம் நாள், துப்புரவுப் பணியாளரான என் சித்தப்பாவுக்குக் கை நடுங்கியது. சுவரில் பாம்பு ஊர்வதாக அலறினார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். “கொரோனா நேரத்துல குடிகாரனக் கூட்டிட்டு வர்றீங்களா? போதை தெளிஞ்சதும் வாங்க” என்றார்கள். அவர் குடித்தே மூன்று நாளாகியிருந்தது. தெளிந்ததுதான் அவருக்கு நோய். விடிவதற்குள் வலிப்பு வந்து இறந்துபோனார்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். டயசெபாம் வகை மருந்து, தயமின் ஊசி, உடனிருந்து கவனிக்க ஆள் இருந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். கேரள அரசு மருத்துவர் சீட்டுக்கு மது தர உத்தரவிட்டபோது, அது சிகிச்சையல்ல என்று மருத்துவர்களே எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

மதுவால் வரும் மனநலச் சிக்கலையும் மனநோய் என்றே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது உரிமை. 2003 முதல் சில்லறை மது விற்பனையை நடத்துவதும் அரசுதான். மே 7 அன்று கடை திறக்கத் தடுப்புக்கட்டையும் காவலரும் தயாராக இருந்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு படுக்கை தயாராக இல்லை.

நாற்றம் தாங்கக் குடிக்க வைக்கும் வேலையைத் தந்தது சாதி. குடித்தவரை ‘அவனுங்க அப்படித்தான்’ என்று வாசலில் நிறுத்துவதும் அதே சாதிதான்.

யாருக்காவது கை நடுங்கினால் உடன் போங்கள். கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை முதலில் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் எழுதிக் கேளுங்கள்.