திரை இருண்டால் பதற வேண்டாம்



கணக்காளர்களுக்கு ஜனவரி பொல்லாத மாதம். 31ஆந் திகதிக்குள் வருமான வரிப் படிவங்களை இணையத்தில் அனுப்ப வேண்டும், தவறினால் தண்டம். அப்படியொரு ஜனவரியில், தைப்பொங்கலுக்கு மறுநாள், வீட்டுக் கணனியை இயக்கினேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. கடைக்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "உள்ளுக்கை போர்ட் போயிட்டுது அண்ணை, புதுசு வாங்குங்கோ" என்றார். என் மனைவி கேட்டது வேறு: "அப்ப அம்மான்ரை படங்கள்?"

ஊரிலிருந்து கொண்டுவந்த சில படங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஸ்கான் செய்து அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தோம். அன்று நான் படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் மொனிற்றரைப் பாருங்கள். "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மொனிற்றர் நன்றாக இருக்கிறது. படம்தான் அதற்கு வந்து சேரவில்லை. அதிலுள்ள பொத்தானை அழுத்தி, வயர் குத்தியிருக்கும் இணைப்பு தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கணனி வேலை செய்கிறதா? கீபோர்ட்டில் கப்ஸ் லொக்கை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணனி உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் 10, 11 என்றால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். படம் அனுப்பும் மென்பொருள் மீண்டும் தொடங்கும்.

மூன்றாவது, வயர். இரு முனைகளையும் கழற்றி இறுக்கிக் குத்துங்கள். தனியான கிராபிக்ஸ் கார்ட் உள்ள பெட்டியில் பின்புறம் இரண்டு இடங்களில் படத்துக்கான துளைகள் இருக்கும். மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் வேலை செய்யா. கீழே கார்ட்டில் உள்ளதில்தான் குத்த வேண்டும். என் வீட்டில் நடந்தது இதுதான். பொங்கலுக்குக் கூட்டித் துடைக்கும்போது பெட்டியை இழுத்து, வயரை மேலே குத்திவிட்டோம். செலவு ஒரு சதமும் இல்லை.

மடிக்கணனி என்றால், இருட்டறையில் திரைமீது ரோச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னாலுள்ள ஒளிதான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் ரி.வி.யில் இணைத்து, விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் அழுத்திப் பாருங்கள்.

இவை ஒன்றும் சரிவராவிட்டால் மேசைக் கணனியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, நினைவகத் தகட்டை எடுத்துத் திரும்பச் செருகலாம். அதற்கு முன் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொடுங்கள். மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம்; பிளக்கைக் கழற்றிய பின்பும் அதற்குள் மின் தங்கியிருக்கும்.

நேயர்களே, படங்கள் திரையில் இல்லை; ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மற்றதெல்லாம் பழுதானாலும் அதைக் கழற்றி வேறு கணனியில் வாசிக்கலாம். ஆகவே திரை இருண்டது என்பதற்காகப் பெட்டியைக் கவுன்சில் கழிவு நிலையத்தில் போட்டுவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: இப்போதைய பல கணனிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். கணனி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

அதற்கு மேலாக, இன்னொரு பிரதி எடுத்துச் சகோதரர் வீட்டிலோ பிள்ளை வீட்டிலோ வையுங்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகள் திரும்ப வரவேயில்லை. எங்கள் வீட்டுப் படங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.