கடலட்டையும் கடல் எல்லையும்



யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே, கடனீரேரியைத் தொட்டு நிற்பது குருநகர். முன்னாளிற் கரையூர் என வழங்கிய இவ்வூரின் இறங்குதுறைக்கு விடியற்காலத்திற் செல்வோர் மீனும் நண்டும் இறாலும் கரையேறும் காட்சியைக் காண்பர். இவற்றினிடையே இன்னொரு கடற்பொருளும் உண்டு. பார்வைக்கு அழகில்லாதது, யாழ்ப்பாணத்து அடுக்களை எதிலும் இடம்பெறாதது. ஆயினும், அதனைக் கவர்வோர் ஒருபுறமும் காப்போர் மறுபுறமுமாக, பாக்கு நீரிணையில் இரவெல்லாம் படகுகள் ஓடுகின்றன. அதுவே கடலட்டை.

பெயரில் அட்டையாயினும், வயல்வெளியில் இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் உறவில்லை. நட்சத்திர மீனின் இனத்தைச் சேர்ந்தது இது. கடலடியிலுள்ள மணலை விழுங்கி, அதிற் கலந்துள்ள அழுகற் பொருளை உணவாகக் கொண்டு, மணலைத் தூய்மையாக்கி வெளியே விடுகின்றது. நிலத்துக்கு மண்புழு எவ்வாறோ கடற்றரைக்கு இது அவ்வாறு. நம்மவர் இதனை உண்பதில்லை. சீனரோ மருந்தெனவும் விருந்தெனவும் போற்றுகின்றனர். வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி, அவித்து, மணலிற் புதைத்து, மேற்றோலிலுள்ள சுண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, மீளவும் அவித்து வெயிலிற் காயவைத்தால், முன்னிருந்த நிறையிற் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சாது. எஞ்சிய அச்சிறு துண்டுக்கே ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் பெருவிலை. இது நேற்றுத் தோன்றிய வாணிகமன்று. சென்னை மாகாணத்து மீன்பிடித் துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் அறிஞர், 1917 ஆம் ஆண்டிலேயே இத்தொழிலின் வரலாற்றையும் அதன் மறுமலர்ச்சியையும் பற்றித் தனி ஆய்வொன்று வெளியிட்டார். மறுமலர்ச்சி என்றதிலிருந்தே, அதற்கு முன்னர் ஒரு நலிவும் இருந்தமை விளங்கும்.

நலிவுக்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடலட்டையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு. இரண்டும் தத்தம் வித்துக்களை நீரிலே சொரிய, அவை கலந்து கருவாகும். ஆகவே அட்டைகள் நெருங்கி வாழ்ந்தாலன்றி இனம் பெருகாது. நூறு இருந்த இடத்திற் பத்து எஞ்சினால், அப்பத்தும் ஒன்றையொன்று எட்டாத தொலைவிற் கிடந்து பயனின்றிப் போகும். முதிராத குஞ்சுகளையும் வாரி எடுத்தாலோ சொல்லவேண்டியதில்லை. இதனை உணர்ந்தே இந்திய அரசு, 1982 இல், உலர்ந்த நிலையில் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்தலாகாதென விதித்தது. அதுவும் போதாமையால், 2001 இல், கடலட்டை இனம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அக்கரையில் அட்டையைத் தொடுவதே சிறைக்குரிய குற்றம். அதனையே நம்பியிருந்த இராமநாதபுரத்துக் கடற்கரை மக்களும் தூத்துக்குடிக் கடற்கரை மக்களும் தடையை நீக்குமாறு இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இக்கரையில் நிலைமை வேறு. இலங்கையிலே, 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் அட்டை பிடிக்கலாம், அனுமதியுடன் கொண்டுசெல்லலாம், விற்கலாம். இரு கரைக்கும் நடுவேயுள்ள எல்லைக்கோடு 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் வரையப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் இருபது மைலும் இல்லை. ஒரு கரையிற் குற்றமாகிய பொருள் மறுகரையிற் பண்டமாகுமெனின், நடுவிலே கள்ளக்கடத்தல் முளைப்பதில் வியப்பென்ன? இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது, 2020 இல், இதே வழியாக மஞ்சள் மூட்டைகள் வந்தன. பீடியிலை இன்றும் வருகின்றது. அட்டையும் அவற்றோடு வருகின்றது.

காவல் இல்லையெனச் சொல்வதற்கில்லை. அக்கரையிலே இந்தியக் கரையோரக் காவற்படையினரும் வனத்துறையினரும் சுங்க அதிகாரிகளும் மூட்டை மூட்டையாகக் கைப்பற்றுகின்றனர். இக்கரையிலே கடற்படையினர், அனுமதியின்றி இரவிற் சுழியோடி அட்டை பிடிப்போரையும் கடத்தி வருவோரையும் கைதுசெய்கின்றனர். ஆனால் இக்காவலெல்லாம் கடலில் மட்டுமே செல்லும். மூட்டை ஒருமுறை கரையேறி, இங்கே முறையாகப் பிடித்து உலர்த்திய அட்டையோடு கலந்துவிட்டால், மன்னார் வளைகுடாவில் எடுத்தது எது, யாழ்ப்பாணக் கடலில் எடுத்தது எது என்று எந்த அதிகாரி பிரித்தறிவார்? உலர்ந்த அட்டைக்கு ஊரில்லை. படகிலே அகப்படுபவரும் பெரும்பாலும் கூலிக்கு ஓடுபவரே. பணம் போட்டவர் கரையில் உறங்குகிறார்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் ஆறுகளில் வாழும் விலாங்கு, அத்திலாந்திக் மாகடலின் நடுவே சார்காசோ என்னும் பகுதியில் முட்டையிடுகின்றது. கண்ணாடிபோல் உடல் தெளிந்த குஞ்சுகள் நெடுங்கடல் கடந்து ஐரோப்பியக் கரையை அடைகின்றன. இவ்விலாங்கை வளர்ப்புக் குளத்தில் ஈனச்செய்து வாணிகம் நடத்தும் வழியை இன்றுவரை எவரும் காணவில்லை. ஆதலின் பண்ணைக்காரர் ஒவ்வொருவருக்கும் கடற்குஞ்சே வேண்டும். 2010 ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியை அறவே நிறுத்தியது. நிறுத்தியும், நீர்ப்பைகளில் அடைத்த குஞ்சுகள் பயணப்பெட்டிகளிலே கீழைத்தேயங்களுக்குப் பறக்கின்றன. அங்கே குளத்தில் வளர்ந்து சமைத்த துண்டாகிவிட்ட பின்னர், மரபணுச் சோதனையாலன்றி அதன் பிறப்பிடத்தை அறியமுடியாது.

விலாங்குக்கு இல்லாத ஒரு வழி அட்டைக்கு உண்டு. 1988 இல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டையைத் தொட்டியிலே ஈனச்செய்து குஞ்சு பொரித்தனர். இன்று அரியாலையிற் குஞ்சு பொரிப்பகம் உண்டு. தீவகக் கடலிலே பண்ணைகள் உண்டு. 2022 ஜூனில், வடக்கிலும் மட்டக்களப்பிலும் ஐயாயிரம் ஏக்கரிற் பண்ணை அமைக்க இலங்கை அமைச்சரவை இசைந்தது. பண்ணை வேலிகள் தங்கள் தொழிற்களத்தை அடைக்கின்றன எனச் சிறு மீனவர் முறையிடுகின்றனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. அத்துடன் மற்றொன்றையும் நோக்கல் வேண்டும். பண்ணைக்கு வரும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருவதாயின் கடலுக்கு ஆறுதல். கடலில் வாரியதாயின், காவலர் எத்துணைப் பேர் நின்றும் பயனில்லை. எனவே துறைமுகத்திற் பார்க்கும் பத்திரத்தைவிடப் பண்ணை வாயிலிற் பார்க்கும் பத்திரமே முதன்மையானது. இரு நாட்டாரும் ஒரே கடலின் அட்டையைத் தனித்தனியே எண்ணாது கூடியிருந்து எண்ணி, ஒரே அளவையும் ஒரே ஓய்வுக்காலத்தையும் விதிப்பாராயின், ஏழை மீனவனும் இரு சட்டங்களுக்கிடையில் அகப்படான். அப்பேச்சில் குருநகரிலும் மண்டபத்திலும் சுழியோடுவோருக்கும் ஓர் இருக்கை வேண்டும். அட்டை எங்கே மிகுந்தது, எங்கே அற்றது என்பதைக் கண்ணாற் கண்டவர் அவர்களே.

அக்கரையிற் கைப்பற்றப்படும் உலர்ந்த அட்டை, வழக்கு முடியும்வரை மூட்டையிலே கிடக்கின்றது. உயிரோடு அகப்பட்டவற்றை நீதிமன்ற ஆணை பெற்று மீண்டும் கடலில் விடுவர். அவை கடலடிக்குச் சென்று மணலிற் புதைந்து, பின்னர் மெல்ல வெளிவந்து மேயத் தொடங்கும்.